5-ஆம் தேதிப் பணம்

கும்பகோணம்
20.01.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். நீ வரவில்லை என்பதால் பொங்கலுக்கு வெண்கலப் பானையை இறக்கவில்லை, குக்கரிலேயே வைத்துவிட்டாள். சின்ன அத்தை வந்து இரண்டு நாள் இருந்தாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

புனேயில் இப்போது குளிர் இருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர் மாடி அறையிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அப்படி இருக்காதே. காலையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு நூலகத்துக்குப் போகாதே. இரவில் பட்டினி கிடக்காதே. உன் அம்மா இதைத்தான் முதலில் எழுதச் சொன்னாள்.

போனில் மூன்று நிமிடத்துக்கு மேல் நீ பேசுவதில்லை. "வேலை இருக்கிறது அப்பா" என்கிறாய். இருக்கட்டும். போனில் கேட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்துக்கு அந்த நெருக்கடி இல்லை.

இந்த மாதமும் 5-ஆம் தேதி 6,000 ரூபாய் வந்து சேர்ந்தது. தவறாமல் அனுப்புகிறாய். தெருவில் யாருடைய பிள்ளையும் இப்படி அனுப்புவதில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். நான் சொல்வதில்லை. உன் ஆராய்ச்சி உதவித்தொகை மொத்தம் 5 ஆண்டுகள்தான் என்பது எனக்குத் தெரியும். முதல் 2 ஆண்டு இளநிலை, அடுத்த 3 ஆண்டு முதுநிலை. 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு 35,000 ரூபாயை 42,000 ஆக்கினார்கள் என்று நீதான் போனில் கத்திச் சொன்னாய். நீ சேர்ந்தது 2019 ஆகஸ்டு. விரல் மடக்கி எண்ண எனக்கும் தெரியும், பாப்பா.

திண்ணையில் உட்கார்ந்து நீ எனக்கு அருத்தாபத்தி என்ற தருக்க முறையைச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான். அப்படியென்றால் இரவில் உண்கிறான் என்று கொள்ளாமல் வேறு வழியில்லை. வடமொழி நூல்கள் அந்த எடுத்துக்காட்டைச் சொல்லும், மணிமேகலையின் 27-ஆம் காதையோ கங்கையில் ஆய்க்குடி இருக்கிறது என்றால் கரையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும் என்கிறது என்றாய். இடையர் குடியிருப்பை எடுத்துக்காட்டாக வைத்த அந்தப் புலவரை எவ்வளவு பிடித்திருந்தது உனக்கு! சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

உதவித்தொகை ஆகஸ்டோடு நின்றுவிட்டது. பணம் வந்துகொண்டே இருக்கிறது. தேவதத்தன் இரவில் என்ன செய்கிறான் என்று நான் கேட்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன்.

விடுதி அறை இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? முகவரி மாறியிருந்தால் எழுது. ஸ்வெட்டரை அனுப்ப வேண்டும்.

அந்தக் காதைகளை உனக்கு முன்பே தொட்டவன் நான். நீ பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, 1979-இல், பிரஸ்ஸில் மாணவர் பதிப்பு ஒன்றுக்காக மணிமேகலையை அச்சுக் கோத்தேன். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்திருந்தது. பழைய ணை, லை, னை எழுத்துகளை, அச்செழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து பொறுக்கி எடுத்து உருக்கப் போட்டார்கள். என் விரல் பழைய அறைக்கே போய் நிற்கும். 29-ஆம் காதை வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதத்தில் வரும் பிழைகளின் பட்டியல். ஒரு வரியும் விளங்காமல், ஈயத்தில் தலைகீழாக ஒவ்வொரு எழுத்தாக அடுக்கினேன். புரூஃபில் மூன்று தடவை திரும்பி வந்தது. கூலி வாங்கிக்கொண்டு அதோடு மறந்துவிட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் கழித்து என் பெண் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் போலிகளை எண்ணிச் சொன்னாள். நிறுவ வேண்டிய கூற்றாகிய பக்கத்தில் 9, காரணமாகிய ஏதுவில் 14, எடுத்துக்காட்டாகிய திட்டாந்தத்தில் 10, ஆக 33. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழித் தருக்க நூலிலும் அதே 33. அந்த நூலை யுவான் சுவாங் 647-இல் சீனத்தில் பெயர்த்தார், திபெத்தியர் திக்நாகர் என்ற பௌத்த அறிஞர் பெயரில் வைத்திருக்கிறார்கள், பௌத்தருடைய அந்த நூலுக்கு ஹரிபத்ரர் என்ற சமணர் உரை எழுதினார் என்று அடுக்கினாய். தமிழ்க் காதை அந்த நூலைப் பார்த்து எழுதியதா, இரண்டுக்கும் பொதுவாக வேறொரு மூலம் இருந்ததா என்பதுதான் உன் கேள்வி. கம்பாசிட்டர் மகளுக்கு வாய்த்த கேள்வி அது. நான் கையால் கோத்த வரிகளுக்கு உன் வாயால் பொருள் தெரிந்துகொண்டேன். இதைவிட என்ன வேண்டும் எனக்கு?

அதனால்தான் சொல்கிறேன், 5 ஆண்டில் முடியவில்லை என்று வெட்கப்படாதே. நம் ஊர் அரசுக் கல்லூரியில் இருந்தபோதுதான் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையோடு போராடினார். தமிழில் அவருக்குத் தெரியாதது என்ன? ஆனாலும் பௌத்தம் பிடிபடவில்லை. அதே கல்லூரியில் இருந்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்த பிறகுதான் 1898-இல் நூலை வெளியிட்டார். அவருக்கே அவ்வளவு காலம். ஆய்வை முடிக்க உனக்கு 6 ஆண்டு, அதற்கு மேலும் பெண்களுக்கென்று 2 ஆண்டு சலுகை உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். காலம் இருக்கிறது. எழுதி முடி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுது. எழுதாவிட்டாலும் சாப்பிடு.

ஆனால் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகாதா? அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இத்தனை ஊர்ப்பேச்சுக்கு நடுவில் உன் படிப்பை நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. வேலைக்குப் போகாத படிப்பு என்றார்கள், வயது ஏறுகிறது என்றார்கள். "என் மகளை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை, தடுக்கவும் மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொங்கலன்று சின்ன அத்தையிடம் சொன்னதும் இதுதான்.

இதை எழுதிவிட்டு நேற்று பேனாவை மூடிவிட்டேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பக்கப்போலியில் ஒன்று, பேசுகிறவன் சொல்லே அவனை மறுப்பது. 'என் தாய் மலடி' என்பது அதற்கு எடுத்துக்காட்டு. அதைச் சொல்லிவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சொல்லி வந்ததும் அப்படிப்பட்ட சொல்தான், பாப்பா.

திருக்கார்த்திகை அன்று போனில் நீ ஒன்று சொன்னாய். "முதலில் என்னை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள் அப்பா. எனக்கு இதற்குத் தகுதி இல்லை." நான் ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

அவர்கள் உன்னை ஒதுக்கவில்லை.

2013 ஜூலையில் எம்.ஃபில். நேர்காணலுக்கு உன்னை அழைத்து அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து தபால் வந்தது. நீ திருச்சியில் அத்தை வீட்டில் இருந்தாய். நான்தான் வாங்கினேன், நான்தான் பிரித்தேன். அடுத்த ஞாயிறு தஞ்சாவூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அது முடிந்ததும் கொடுக்கலாம் என்று மாடி அறையில், பிரஸ்ஸை மூடியபோது கொண்டுவந்த பழைய கேஸின் அடியில் வைத்தேன். வந்தவர்கள் பதில் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். அதற்குள் நேர்காணல் தேதி போய்விட்டது. அதன் பிறகு எந்த முகத்தோடு கொடுப்பது? "கூப்பிடவில்லை, நான் தேறவில்லை போலிருக்கிறது" என்று நீ சொன்னபோது, "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கே பொறுக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் நீ விண்ணப்பிக்கவே இல்லை. 5 வருடம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கட்டுரை நோட்டு திருத்தினாய். 2018-இல் நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேறியபோது, "தப்பித் தவறித் தேறிவிட்டேன் அப்பா" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். உன் ஆராய்ச்சி முழுவதும் எது சரியான ஏது, எது போலி என்பதைப் பற்றியது. உனக்குள்ளே நீ சுமந்து திரிகிற ஏதுவே பொய்யானது, அதை உன்னிடம் கொடுத்தவன் நான் என்று தெரிந்தும் பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கும் இது தெரியாது. இன்று காலைதான் சொன்னேன். காபியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது, ஆனால் உன் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. நீயே படித்துப் பார்.

என்னைக் கோபித்துக்கொள். எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, கேட்க மாட்டேன். ஆனால் அம்மாவிடம் பேசு. செப்டம்பரிலிருந்து நீ அனுப்பிய 30,000 ரூபாயில் ஒரு பைசா எடுக்கவில்லை. தபால் அலுவலகக் கணக்கில் உன் பெயரில் போட்டிருக்கிறேன். இனி 5-ஆம் தேதி பணம் அனுப்பாதே. புரூஃப் பார்க்கும் வேலை எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, எங்கள் செலவுக்கு அது போதும். இரவில் வேறு ஏதாவது வேலைக்குப் போகிறாயென்றால் விட்டுவிடு.

ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
அப்பா