சபையில் கைமாற்று நிதி: நண்பனுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் திடப்படுத்தல் ஆராதனை நல்லபடியாக முடிந்ததையும், மருமகனுக்கு ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்ததையும் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை தாமதம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

உங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, தினவசூல் வட்டிக்கடனான தண்டலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். கட்டாயம் செய்யுங்கள். லாபம் எதிர்பாராமல் கடன் கொடுக்கச் சொல்லும் யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:35-37, லூக்கா 6:35 எல்லாம் வருஷா வருஷம் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றன. வாசித்துவிட்டு வெளியே வரும் பூக்காரம்மாளுக்கு வாசலிலேயே தண்டல்காரன் காத்திருக்கிறான். அந்த இடைவெளியை அடைக்க ஒரு லட்சம் போதும். ஆனால் இப்படித் தொடங்கும் நிதிகள் பல, இரண்டு வருடத்துக்குள் பணத்தையும் இழந்து, சபையில் மனஸ்தாபத்தையும் மிச்சம் வைத்துவிட்டுப் போகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தண்டல் கணக்கைக் கமிட்டியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டு. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது பெரும்பாலும் 9,000. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளில் அவள் கையில் சராசரியாக இருக்கும் கடன் ஏறக்குறைய 4,500தான். அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி என்றால் வருடத்துக்கு 80 சதவீதம். முன்பிடித்தம் 1,500 என்றால் 130 சதவீதத்தை நெருங்கும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாளைக் காலை பூ வாங்கக் காசில்லாதவள் போலீசுக்குப் போகமாட்டாள், தண்டல்காரனிடம்தான் போவாள்.

இனி, என் கருத்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்ததும், இது கடனா, உதவியா என்று கமிட்டி முதலில் முடிவு செய்ய வேண்டும். வியாபார முதல், தையல் மெஷின் ரிப்பேர், வலை வாங்குவது, பாக்கித் தண்டலை அடைப்பது போன்றவை கடன். பணம் போன இடத்திலிருந்து பணம் திரும்பி வரும். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீட்டுக்கு மருந்துச் செலவு கடன் ஆகாது, அதைக் காணிக்கையாகத்தான் கொடுக்க வேண்டும். திருப்ப வழியில்லாதவருக்குக் கடன் என்ற பெயரில் கொடுத்தால், அவர் கடனாளியாகவும் ஆகிறார், நம் முகத்தில் முழிக்கவும் கூசுகிறார். ஆகவே ஒரு லட்சத்தில் 15,000ஐ உதவிக் கணக்கு என்று தனியாகப் பிரித்துவை. கடன் பணத்தோடு அது கலக்கவே கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை எடுத்துக் கொடுப்பதே பல சமயம் பணத்தைவிடப் பெரிய உதவி.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் 1746ல் ஆரம்பித்த கடன் நிதியைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். ஒருவருக்கு 20 ஷில்லிங்குக்கு, அதாவது ஒரு பவுண்டுக்கு, மேல் கிடையாது, மூன்று மாதத்துக்குள் வாராவாரம் திருப்பிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலைகளில் இரண்டு பேர் உட்கார்ந்து கொடுத்தார்கள். சில பத்துப் பவுண்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடத்தில் 250 பேருக்கு மேல் உதவ முடிந்தது. சிறிய தொகை, குறுகிய காலம், வாரத் தவணை, குறிப்பிட்ட நாள், இரண்டு பொறுப்பாளர்கள் என்று உனக்கு வேண்டிய விதிகள் ஐந்தும் அதிலேயே இருக்கின்றன.

நம் ரூபாயில் இப்படிப் போடலாம். முதல் தடவை ஆளுக்கு 5,000, வாரம் 500 வீதம் பத்து வாரம். ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்த தடவை 8,000, அதற்கடுத்து 10,000. அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே. முதல் மாதம் ஐந்து பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். முழுவதும் ஓடத் தொடங்கியபின் பணம் பத்து வாரத்துக்கு ஒரு முறை சுற்றி வரும், வருடத்துக்கு ஐந்து சுற்று. ஆனால் வாராக்கடனைச் சின்னதாக நினைத்துவிடாதே. ஒரு சுற்றுக்கு இருபதில் ஒருவர் கட்டாமல் போனால், கடனுக்கென்று மீதியிருக்கும் 85,000 என்பது 80,750 ஆகும். அதே விகிதத்தில் ஐந்தாவது சுற்று முடியும்போது 65,000 சொச்சம்தான் நிற்கும். கிட்டத்தட்டக் கால்வாசி போயிற்று. 'ஒருத்தர்தானே, விட்டுவிடுவோம்' என்று கமிட்டியில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு.

தவணை நாளைக் கூலி நாளோடு பொருத்த வேண்டும். கொத்தனார், சித்தாள்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அன்று சாயங்காலமே வசூல். பீடி சுற்றும் பெண்களுக்குக் கம்பெனி எந்த நாளில் கூலி கொடுக்கிறதோ அந்த நாள். கிழக்குக் கடற்கரை ஊர்களில் விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் தவணை கேட்டால், உன்னிடம் கட்டுவதற்காகவே வேறொருவனிடம் கடன் வாங்குவார். உப்பளக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அப்படித்தான். கடன் கொடுக்கும்போதே அவருடைய கடன் அட்டையில் 'இந்த மாதங்களில் தவணை இல்லை' என்று எழுதிவிடு. பிறகு கெஞ்சிக் கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் வசூல் செய்யலாம், எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதே. இரண்டு தவணை தவறியவர் முதலில் செய்வது ஆராதனைக்கு வராமல் இருப்பதுதான். ஐயாயிரம் ரூபாய்க்காக ஒரு குடும்பத்தைச் சபையிலிருந்து துரத்தியது போல ஆகிவிடும். வசூல் வேறொரு நாளில், சபைப் பள்ளிக்கூடத்து அறையிலோ யாராவது வீட்டுத் திண்ணையிலோ நடக்கட்டும். ஆயர் கையால் பணம் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். தவணை கேட்டு வந்தவரிடமே அடுத்த வாரம் வீட்டு ஜெபத்துக்கு யாரால் மனம் திறக்க முடியும்?

உபாகமம் 24ஆம் அதிகாரத்தைக் கமிட்டியில் வரிவரியாக வாசியுங்கள். நான் அறிந்த கடன் விதிகளில் அவ்வளவு நுணுக்கமானது வேறில்லை. கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவனே கொண்டுவந்து கொடுப்பான். ஏழையின் போர்வை அடகாக வந்திருந்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது, அது பிழைப்பையே வாங்குவதாகும். இன்றைய திரிகைக் கல் எது என்று யோசித்துப் பார். ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு, ஆட்டோவின் ஆர்சி புத்தகம், தொகை எழுதாத கையெழுத்துப் போட்ட காசோலை. இவற்றில் எதையும் நீங்கள் தொடவே கூடாது. தண்டலை அடைக்கக் கடன் கொடுக்கும்போது பணத்தை வெறுமனே கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கமிட்டியில் ஒருவர் கூடப் போய், பாக்கி எவ்வளவு என்று பேசி, 'ஒரே தடவையில் தருகிறோம், குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுக் கட்டி, புரோநோட்டு, காசோலை, கார்டு எல்லாவற்றையும் அங்கேயே திரும்ப வாங்கிவிட வேண்டும். புரோநோட்டு அந்தப் பக்கமே கிடந்தால் கட்டிய கடனுக்கும் வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஜாமீன் கையெழுத்து கேட்கலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்பேன். நீதிமொழிகள் 6, 17, 22 ஆகிய மூன்று அதிகாரங்களும் பிணைப்படுவதை எச்சரிக்கின்றன. 22:27 படுத்திருக்கிற படுக்கையே பறிபோவதைச் சொல்கிறது. சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடமே கேட்கலாம். ஒருவரின் கடனுக்காக இன்னொரு ஏழையைச் சிக்கவைப்பது நம் வேலையல்ல. தொகை சின்னதாக இருப்பதும், கட்டினால் அடுத்தது கூடுதலாகக் கிடைக்கும் என்பதுமே போதுமான பிடி.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஜாக்கிரதையாக இரு. காணிக்கையாக வருவதை மட்டும் வாங்குங்கள். 'என் ஐம்பதாயிரத்தை உங்களிடம் போட்டுவைக்கிறேன், வேண்டும்போது தாருங்கள்' என்று வசதியுள்ளவர் யாராவது நல்லெண்ணத்தோடு வருவார். திருப்பித் தருவதாகச் சொல்லி ஊராரிடம் பணம் வாங்கினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகையை 2019ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. வட்டி தரவில்லையே என்பது பதிலாகாது. 'ஒரு சதவீதம் சேவைக் கட்டணம் வைப்போம்' என்பவரையும் தடுத்துவிடு. நோட்டுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் ஆகும் செலவைக் கமிட்டிக்காரர்கள் தங்கள் கையிலிருந்து போட்டுக்கொள்ளட்டும்.

கணக்குக்கு ஒரு பேரேடு, கடன் வாங்குபவர் கையில் ஒரு அட்டை. பேரேட்டில் வரிசை எண், தேதி, தொகை, எதற்காக, தவணைகள். அட்டையிலும் அதே எண், ஒவ்வொரு தவணைக்கும் பணத்தை வசூலித்தவரின் கையெழுத்து. வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரில், இருவரும் சேர்ந்துதான் எடுக்க முடியும் என்ற முறையில். சனிக்கிழமை வசூலான பணம் திங்கட்கிழமையே வங்கிக்குப் போய்விட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கமிட்டியில் இல்லாத ஒருவர் கணக்கைச் சரிபார்க்கட்டும். 'நம்மை நம்பவில்லையா' என்று யாராவது முகம் சுளித்தால் 2 கொரிந்தியர் 8:20-21ஐ எடுத்துக் காட்டு. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர்களோடு கொண்டுபோனார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்றார். இயேசுவின் சீஷரிடையே பணப்பை யூதாஸ் என்ற ஒரே ஆளிடம் இருந்ததையும், அவன் அதிலிருந்து திருடியதையும் யோவான் 12:6 மறைக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் எத்தனை பேர், எவ்வளவு தொகை, எவ்வளவு பாக்கி என்று எண்களை மட்டும் வாசியுங்கள். வாங்கியவர் பெயர் கமிட்டியைத் தாண்டக் கூடாது.

கமிட்டி உறுப்பினருக்கோ அவர் வீட்டாருக்கோ கடன் கிடையாது. இந்த விதியை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. பின்னால் சேர்த்தால் யாரோ ஒருவரைக் குறிவைத்துச் சேர்த்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நம் சபையாருக்கு மட்டுமா என்பதில் உங்களுக்குள் இரண்டு கருத்து இருப்பதாக எழுதியிருந்தாய். ஆரம்பத்தில் அறிமுகமானவர்களுக்குள்ளேயே கொடுப்பது புத்தி. ஆனால் ஒரு வருடம் ஓடியபின் அதே தெருவில் இருக்கும் இந்து, இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் திறந்துவிடுங்கள். லூக்கா 6 திருப்பித் தரக்கூடியவர்களுக்கு மட்டும் கடன் கொடுப்பதைப் பெரிதாக மதிக்கவில்லை. அந்நியரை ஒதுக்கவும் சொல்லவில்லை. கடன் கொடுக்கும் கையோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கக் கூடாது என்பதும் விதியாக இருக்கட்டும். தேவையில் இருப்பவனிடம் விசுவாசத்தை விலைபேசுவதாகிவிடும்.

கட்ட முடியாமல் போனவர்களை என்ன செய்வது? நான்கு வாரம் தொடர்ந்து தவறினால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், வாசலில் நின்று. உண்மையிலேயே வழியில்லை என்றால் தவணையை 500இலிருந்து 200 ஆக்குங்கள். அதுவும் முடியாதென்றால், உபாகமம் 15இல் வருகிற, ஏழு வருஷத்துக்கு ஒரு முறை கடனை விட்டுவிடும் விடுதலை வருஷத்தை நினைத்து, வருடத்துக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு முன், அப்படிப்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யுங்கள். ஒன்றை மறக்காதே: தள்ளுபடி செய்ததை அவரிடம் நேரில் போய்ச் சொல்லி, அட்டையில் 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கமிட்டி தனக்குள் முடிவு செய்து பேசாமல் விட்டுவிட்டால் அவருக்கு அது தெரியாது. ஆண்டுக்கணக்கில் உன்னைக் கண்டால் சந்துக்குள் திரும்பிப் போவார். கையில் பணம் இருந்தும் கட்டாதவர் விஷயம் வேறு. மத்தேயு 18:15இன்படி முதலில் தனியே போய்ப் பேசுங்கள். அவருக்கு அடுத்த கடன் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வழக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று, உங்கள் செயலாளர் கேட்ட கேள்விக்கு. இது கூட்டுறவு வங்கி செய்ய வேண்டிய வேலையல்லவா என்றாராம். அந்தச் சங்கங்களுக்கும் இப்படியொரு வேர் உண்டு என்று அவரிடம் சொல். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற கிறிஸ்தவர் ஒரு சின்ன ஊருக்கு மேயராக இருந்தார். 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் சங்கம் அமைத்தார். பிறகு வட்டிக்காரர்களிடம் சிக்கிய குடியானவர்களுக்கு வசதியுள்ளவர்கள் பணம் போட்டு உதவும் சங்கங்களை நடத்தினார். வசதியுள்ளவர்களின் உற்சாகம் குறையக் குறைய அவை தளர்ந்தன. 1864இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்ற ஊரில், கடன் வாங்குபவரே உறுப்பினராகவும் பொறுப்பாளியாகவும் இருக்கும் கடன் சங்கமாக மாற்றினார். அதைப் படித்துவிட்டுத்தான் சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் அறிக்கை கொடுத்தார்; 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது. உங்கள் நிதியும் கொடுப்பவர் ஒரு கூட்டம், வாங்குபவர் ஒரு கூட்டம் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டு சுற்று ஒழுங்காகக் கட்டி முடித்த பெண்களில் ஒருவரை, அவர் கடன் வாங்காத வருடத்தில், கமிட்டியில் உட்காரவையுங்கள். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு நம் பென்ஷன்காரர்களுக்குத் தெரியாது.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முன் ஆரம்பிக்க அவசரப்பட வேண்டாம். அசனம் என்னும் சபை விருந்துச் செலவு, ஏலம், காணிக்கை என்று அந்த மாதம் எல்லாப் பணமும் ஒன்றாகக் குழம்பிவிடும். விதிகளை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, அட்டையின் மாதிரியையும் சேர்த்து. அட்டையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும்.

வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

கர்த்தருக்குள்,
உன் நண்பன்