தேவ சமுகத்தில் காத்திருக்க உதவியவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

கர்த்தருடைய சத்தத்துக்கு மௌனமாகக் காத்திருந்த அமைதி ஜெபக் கூடுகைக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

முதல் நன்றி கீபோர்டு வாசித்த தம்பிக்கு. வேதவாசிப்பு தொடங்கியதுமே கையை எடுத்துவிட்டார். ஜெபத்துக்குப் பின்னணியில் இழையும் இசை மனதை உருக்கும். ஆனால் உருகுவது இசைக்கா, கர்த்தருக்கா என்று நமக்கே தெரியாமல் போகும். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவர்கள் தேவையில்லாத மைக்குகளை அணைத்தே வைத்தார்கள். பாட்டில் அமுங்கிப்போகும் இரைச்சல் மௌனத்தில் காதை அடைக்கும்.

வாசித்த அக்கா 1 சாமுவேல் 3-ல் முதல் 10 வசனங்களோடு நிறுத்தினார். அதைத் தாண்டினால் ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு வரும் தீர்ப்பில் மனம் சிக்கிக்கொள்ளும். இரண்டு முறை வாசித்தார்: முதல் முறை நடப்பது விளங்க, இரண்டாம் முறை வசனத்துக்கு வசனம் இடைவெளி விட்டு. கர்த்தர் கூப்பிட, ஏலிதான் கூப்பிட்டார் என்று மூன்று முறையும் அவரிடம் ஓடின பிள்ளை சாமுவேல் நான்காம் முறைதான் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். மூத்த ஆசாரியனுக்கே மூன்றாம் அழைப்பில்தான் விஷயம் பிடிபட்டது. உடனே ஒன்றும் கேட்கவில்லையே என்று தவிப்பவர்களுக்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல்.

நேரம் பார்த்த அண்ணன் 2 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று மௌனத்தைப் படிப்படியாக நீட்டினார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொன்னார். பழக்கமில்லாதவரை எடுத்த எடுப்பில் அரைமணி நேரம் உட்காரவைத்தால் கடிகாரத்தைப் பார்ப்பார், இல்லாவிட்டால் தூங்கிவிடுவார். மனம் அலைந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் சாமுவேலின் அந்த ஒரு வரிக்குத் திரும்பச் சொன்னதும் நல்ல யோசனை.

ஜெப உதவியாளர்கள் கேட்காமல் யார் தலையிலும் கை வைக்கவில்லை. "கர்த்தர் உங்களுக்கு இதைச் சொல்கிறார்" என்று யாரையும் மடக்கவும் இல்லை. அழாதவர்களை அப்படியே விட்டதற்குத் தனி நன்றி. தேவ சமுகத்தில் மோசே முகத்தை மூடிக்கொண்டான். ஏசாயா "ஐயோ, அதமானேன்" என்றான். பேதுரு இயேசுவின் பாதத்தில் விழுந்தான். மார்த்தாளின் சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தேவ சமுகத்தை உணர்ந்ததற்குக் கண்ணீர்தான் அடையாளம் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

சமையலறையில் நின்றவர்களை, மரியாள் கேட்டுக்கொண்டிருக்கையில் வேலையிலேயே இருந்த மார்த்தாள் என்று கேலி செய்ய வேண்டாம். கவலைப்பட்டுக் கலங்கினதைத்தான் இயேசு சுட்டிக்காட்டினார், வேலை செய்ததை அல்ல. பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

கடைசி 15 நிமிடத்துக்குத் தாளும் பேனாவும் கொடுத்தவர்கள் மூன்றே கேள்வி வைத்தார்கள்: என்ன செய்வேன், யாரிடம், எப்போது? "இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்" என்று எழுதினால் வீடு போய்ச் சேருமுன் மறந்துவிடும். "பேசாமலிருக்கும் தம்பிக்கு நாளை சாயங்காலம் போன் செய்வேன்" என்பது நிற்கும். எழுதியதை யாரும் திரும்ப வாங்கவில்லை. வாங்குவார்கள் என்று தெரிந்தால், கர்த்தருக்கு எழுத உட்கார்ந்தவர் குழுவுக்கு எழுதத் தொடங்கிவிடுவார்.

கிறிஸ்துவின் அன்பில்,
அமைதி ஜெபக் குழுவினர்