குறைமாதப் பிள்ளைகளைத் தேற்றித் தந்தவர்களுக்கு நன்றி

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களிலிருந்து எங்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி 108 வண்டியில் வருகிறவர்களுக்கு. 37 வாரம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்குத் தோலடியில் கொழுப்பு குறைவு, சூடு மளமளவென்று இறங்கிவிடும். அதை ஈடுகட்ட உடம்பிலுள்ள சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகி, மூச்சுத் திணறும். நீங்களோ ஈரத்தைத் துடைத்து, குல்லா மாட்டி, ஏசியை நிறுத்தி, தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிக் கூட்டி வருகிறீர்கள். இறக்கும்போது பாதத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லிட்டால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லிட்டால் ஆபத்து.

அடுத்தது, கங்காரு முறையில், அதாவது வெறும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக் கட்டி, பிள்ளையைச் சுமந்த தாய்மாருக்கும், அவர்கள் எழுந்திருக்க முடியாதபோது சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த அப்பாக்களுக்கும் அப்பாயிகளுக்கும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் (பிள்ளையைச் சூடாக வைக்கும் பெட்டி) பற்றாக்குறையால் பிறந்த முறை இது. பிள்ளைக்கு அணையாடை, குல்லா, காலுறை மட்டும். கால்களைத் தவளைபோல் மடக்கி, நெஞ்சு நடுவே நிமிர்த்தி வைத்து, பழைய பருத்தி வேட்டியால் காதுமடல் வரை கட்ட வேண்டும். வயிற்றில் இறுக்கக் கூடாது. தலை ஒருபக்கம் திரும்பி, முகவாய் சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும். ஒரு தடவை கட்டினால் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். சும்மா சும்மா எடுத்து வைத்தால் பிள்ளை களைத்துப்போகும். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நடவு வேலையில் இடுப்பு நொந்த பெண்கள்கூட முகம் சுளிக்காமல் இதைச் செய்தீர்கள்.

தாய்ப்பால் தானம் தந்த தாய்மாரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! உங்கள் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் கொடுக்கிறோம். இந்தப் பிஞ்சுக் குடலுக்கு மாவுப்பால் கொடுத்தால் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. சுமார் 34 வாரம் வரை உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒத்துப்போகாது. அதனால் முதலில் குழாய், பிறகு சங்கு. சங்கைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். சொந்தப் பால் நிற்காமலிருக்க இரவிலும் எழுந்து, நாளுக்கு 8 தடவை பீய்ச்சிய தாய்மாரையும் சேர்த்தே வணங்குகிறோம்.

சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்காமல், மூக்கில் எண்ணெய் விடாமல், சாம்பிராணிப் புகை காட்டாமல் பொறுத்துக்கொண்ட ஆச்சிகளே, காலங்காலமான வழக்கத்தைப் பிள்ளைக்காக நிறுத்தியது சின்ன விஷயமில்லை.

கை கழுவும் தொட்டியைப் பளிச்சென்று வைத்திருக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

கிராம சுகாதார செவிலியர்களே, வீடு திரும்பிய பிள்ளையை மறக்காமல் எடை பார்க்கிறீர்கள். ஒன்றரைக் கிலோ பிள்ளை ஒரு நாளைக்கு 20 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே எங்களைக் கூப்பிடுகிறீர்கள். பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பதும் நீங்கள்தான். பிள்ளை தேறிவிட்டதே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விழித்திரையில் ரத்தநாளங்கள் கோணலாக வளர்வது வெளியே தெரியாது, காலம் கடந்தால் பார்வை போய்விடும். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எந்தப் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்