ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கட்சி: ஒமாஹாவிலிருந்து பெரியகுளத்து மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

"உங்க ஏரியாவுல கமலா ஜெயிச்சாங்களாமே, அப்புறம் எம்.பி. மட்டும் எப்படி டிரம்ப் கட்சிக்காரர்?" என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனை வாங்கிவிட்டார். இங்கே வந்துபோகும் நம் சொந்தக்காரர்கள் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

நெப்ராஸ்கா மொத்தமாகப் பார்த்தால் குடியரசுக் கட்சியின் கோட்டை. 2024 நவம்பரில் டிரம்புக்கு இங்கே சுமார் 59 சதவீதம். அமெரிக்காவில் அதிபரை நேரடியாக மக்கள் ஓட்டு முடிவு செய்வதில்லை, மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கிய அதிபர் தேர்வு ஓட்டுகள்தான் முடிவு செய்யும். மற்ற மாநிலங்களைப் போல ஜெயித்தவருக்கே அவை எல்லாம் இங்கே போய்விடாது. எங்களுக்குள்ள ஐந்தில் இரண்டு, மாநிலம் முழுவதிலும் முந்தியவருக்கு. மூன்று, தொகுதிக்கு ஒன்றாக. 1992 தேர்தலிலிருந்து இப்படித்தான். நெப்ராஸ்காவைத் தவிர மேய்ன் மாநிலத்தில் மட்டுமே இந்த முறை. ஒமாஹா நகரம் இருக்கும் எங்கள் 2-ஆவது தொகுதி 2008-இல் ஒபாமாவுக்கும், 2020-இல் பைடனுக்கும், 2024-இல் கமலா ஹாரிசுக்கும் அந்த ஒற்றை ஓட்டைக் கொடுத்தது. மூவரும் ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்பதால், சிவப்பு வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளியையே வெள்ளைப் பலகையில் வரைந்து பலர் தங்கள் வீட்டு வாசலில் நட்டிருந்தார்கள். வேட்பாளர் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது, வெறும் வட்டம். பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது.

ஒரு ஓட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பீர்கள். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றையும் ஹாரிஸ் பிடித்து மற்ற இழுபறி மாநிலங்களை இழந்திருந்தால், எங்கள் ஓட்டோடு சேர்த்துச் சரியாக, ஜெயிக்கத் தேவையான 270. அது இல்லாவிட்டால் 269-269 சமநிலை. அதனால்தான் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் இந்த விதியையே மாற்றிவிடச் சொல்லி வாஷிங்டனிலிருந்து செனட்டர் லிண்ட்சே கிரஹாம் நேரில் வந்தார். மாநில சபையில் 33 ஓட்டு வேண்டும். ஒமாஹாவைச் சேர்ந்த சபை உறுப்பினர் மைக் மெக்டானல், அந்த ஆண்டுதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியவர், "இப்போது மாற்ற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கதை அங்கேயே முடிந்தது. கடைசியில் டிரம்ப் 312 ஓட்டு வாங்கியதால் எங்கள் ஒன்றுக்கு வேலையே இல்லாமல் போனது வேறு விஷயம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே நாள், அதே வாக்குச்சீட்டு. அதிபர் பந்தயத்தில் ஹாரிஸ் இந்தத் தொகுதியில் ஏறக்குறைய நாலரை சதவீதம் முன்னிலை. கீழே எம்.பி. பந்தயத்தில் குடியரசுக் கட்சியின் டான் பேக்கன் சுமார் 51 சதவீதம் வாங்கி ஜனநாயகக் கட்சியின் டோனி வர்காசைத் தோற்கடித்தார். இதைக் குழப்பம் என்று நீங்கள் சொல்ல முடியாது மாமா, நீங்கள் தேனிக்காரர்! 2019 ஏப்ரல் 18 நினைவிருக்கிறதா? ஒரே சாவடியில் மக்களவைக்கு ஓர் எந்திரம், இடைத்தேர்தலுக்கு ஓர் எந்திரம். மாநிலம் முழுக்க தி.மு.க. கூட்டணி அள்ளியபோது அ.தி.மு.க.வுக்குக் கிடைத்த ஒரே எம்.பி. உங்கள் தேனியில்தான். அதே தேனிக்குள் இருக்கும் பெரியகுளத்திலும் ஆண்டிபட்டியிலும் எம்.எல்.ஏ.வாக வந்தது தி.மு.க. (ஆண்டிபட்டியில் அண்ணன் தம்பியே எதிரெதிராக நின்றதை விட்டுவிடுவோம்.) யாரை எங்கே அனுப்புவது என்று உங்கள் ஊர்க்காரர்கள் தனித்தனியாக யோசித்தார்கள். இங்கேயும் அதுதான். பேக்கன் இங்குள்ள ஆஃபட் விமானப்படைத் தளத்தில் தளபதியாக இருந்தவர். 2016 முதல் 2024 வரை ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தவர். தன் கட்சித் தலைமையோடு அவ்வப்போது முரண்படுபவர். டிரம்பைப் பிடிக்காத நடுத்தரக் குடும்பத்துக் குடியரசுக் கட்சியினருக்கு அவர் தோதான ஆள். எனக்கு அவரைப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள்.

செனட் பந்தயம் இன்னும் சுவாரசியம். 2021-இல் ஒமாஹாவின் கெல்லாக்ஸ் ஆலையில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய மெக்கானிக் டான் ஆஸ்போர்ன் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷர் ஜெயித்தார், ஆனால் ஆஸ்போர்னுக்கு மாநில அளவில் 46 சதவீதத்துக்கு மேல். ஒமாஹா இருக்கும் டக்ளஸ் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆஸ்போர்ன்தான் முதலிடம்.

நம் ஊரில் இல்லாத ஒன்று சீட்டின் பின்பகுதியில் இருக்கிறது. கையெழுத்து திரட்டினால் பொதுமக்களே ஒரு சட்டத்தை ஓட்டுக்கு விடலாம். மாநிலத்தின் 93 கவுன்டிகளில் 38-இலாவது தலா 5 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதனால் ஒமாஹாவில் மட்டும் திரட்டினால் போதாது. மருத்துவக் கஞ்சாவுக்காகப் பாடுபட்டவர்கள் 2020-இல் நீதிமன்றத்தில் தோற்று, 2022-இல் கையெழுத்து போதாமல் விழுந்து, 2024-இல்தான் சீட்டில் ஏறினார்கள். 71 சதவீதம் ஆதரவு.

எனக்குப் பிடித்த கணக்கு 436-ஆம் எண் தீர்மானம்: தொழிலாளிக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு. முப்பது மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர விடுப்பு. மாநிலம் முழுக்க 74 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஹாரிசுக்கு ஓட்டுப் போட்ட 39 சதவீதம் பேரும் ஆதரித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 35 எங்கிருந்து வரும்? டிரம்புக்குப் போட்டவர்களில் பாதிக்கு மேல் இதற்கும் 'சரி' என்று வட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். கேள்விக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இல்லையென்றால் ஜனங்கள் கேள்வியைத்தான் படிக்கிறார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் சட்டத்தையும் 57 சதவீதம் பேர் ரத்து செய்தார்கள்.

கருக்கலைப்பில் மட்டும் எனக்கு எரிச்சல். எதிரெதிரான இரண்டு தீர்மானங்கள் ஒரே சீட்டில். கரு வெளியே பிழைக்கும் நிலையை எட்டும்வரை உரிமை உண்டு என்ற 439 சுமார் 49 சதவீதத்தோடு தோற்றது. முதல் மூன்று மாதத்துக்குப் பின் தடை என்ற 434, சுமார் 55 சதவீதத்தோடு ஜெயித்தது. தபாலில் வந்த சீட்டை மேசையில் வைத்து நானே பலமுறை படித்தேன். எந்தப் பக்கமாக இருந்தாலும், அவசரமாகப் படிப்பவர் தடுமாறுகிற மாதிரிதான் இந்த ஜோடி இருந்தது.

ஜெயித்தும் முழுசாகக் கைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் மாநில சபை நோய் விடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. சின்னக் கடைக்காரர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் எழுதிய சட்டத்தில் ஓராண்டுக்குள் கத்தரி வைப்பது முறையில்லை. அந்தச் சபைக்கு ஆள் அனுப்பியதும் அதே வாக்காளர்கள்தானே என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கேளுங்கள், என்னிடம் நல்ல பதில் இல்லை.

2025 மே மாதம் ஒமாஹா மேயர் தேர்தலில், நான்காவது முறை பதவி கேட்ட குடியரசுக் கட்சிக்காரர் ஜீன் ஸ்டாதர்ட்டை ஜனநாயகக் கட்சிக்காரர் ஜான் யூயிங் தோற்கடித்தார். ஒமாஹாவுக்குத் தேர்தலில் வென்ற முதல் கறுப்பின மேயர். பேக்கனும் 2026-இல் நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். 2019-இல் நீங்கள் பூத் டியூட்டி பார்த்தபோது, இரண்டாவது எந்திரத்துக்கு முன்னால் வந்ததும் யோசித்து நின்றவர்கள் நிறைய பேர் இருந்தார்களா, இல்லை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தார்களா? அத்தை போனைப் பிடுங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை,
ஒமாஹா