வேளச்சேரி–தாம்பரம் தடம்: மூன்றாவது அறிவிப்புக்கு முன் கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் (கும்டா) உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ரயில் வரும் என்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. 2011-க்குப் பிறகு வண்டலூர்–வேளச்சேரி மோனோ ரயில், 23 கி.மீ.; அது டெண்டரைத் தாண்டவில்லை. அடுத்து தாம்பரம்–வேளச்சேரி மெட்ரோலைட், 15.5 கி.மீ. சாலை மட்டத்திலேயே ஓடக்கூடிய நவீன டிராம் அது; அதுவும் காகிதத்தோடு சரி. பாதை, மின்சாரம், சிக்னல் வேலை தெரிந்த நாங்கள் இதை எழுதுவது ரயில் கேட்பதற்காக அல்ல. இன்னொரு அறிவிப்பு வருமானால், அதற்கு முன்பு சாலையைத் தோண்டிப் பாருங்கள் என்பதற்காக.

முதலில் அகலம். இந்தச் சாலையை நூறடி என்று கொண்டால் 30.5 மீட்டர். இரட்டைத் தடத்துக்கு 7 மீட்டர், இருபுறத் தடுப்புக்கு 1, பக்கத்துக்கு இரண்டு வழி வீதம் வாகனங்களுக்கு 14, நடைபாதைக்கு 5, வடிகாலுக்கு 2.5. கூட்டினால் 29.5, இடம் சரியாக இருப்பதுபோல் தெரியும். நிறுத்தம் வரும் இடத்தில்தான் கணக்கு உடையும். எதிரெதிரே 3 மீட்டரில் இரண்டு நடைமேடை வைத்தால் 35.5 ஆகிவிடும். சிக்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தள்ளி வைத்தாலும் 32.5. ஆக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மீட்டர் நிலம் எடுக்க வேண்டும். வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு 2008-ல் தொடங்கி, கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக எத்தனை ஆண்டு நின்றது என்பதை உங்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.

மேடவாக்கம் கூட்டுரோட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே திசைக்கு ஒன்றாக இரண்டு மேம்பாலங்கள் உள்ளன. தாம்பரத்திலிருந்து வருவது 2.03 கி.மீ., 2022-ல் திறந்தது. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோவும் அந்தச் சந்திப்பு வழியாகத்தான் போகிறது. இன்னொரு உயர்மட்டப் பாதை வேண்டுமென்றால் இவற்றுக்கும் மேலே ஏற வேண்டும். கீழே ஓட்டலாம் என்றால், தூண்களுக்கு இடையே தடத்தை வளைத்து வளைத்து எடுக்க வேண்டும். தூணின் அகலத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மண்ணுக்கு அடியில் அதன் அடித்தளத் தொப்பி தூணைவிட அகலம். தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் தளத்துக்கோ 60 முதல் 70 செ.மீ. ஆழம் வேண்டும். இரண்டும் எங்கே முட்டுகின்றன என்பது மேம்பாலத்தைக் கட்டி முடித்தபடி வரைந்த வரைபடத்தையும் சோதனைக் குழியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

குழி என்றால் 50 மீட்டருக்கு ஒன்று, சாலைக்குக் குறுக்காக, ஒன்றரை மீட்டர் ஆழத்தில். மெட்ரோ வாட்டர் குழாய், கழிவுநீர்க் குழாய், ஈ.பி. கேபிள், இணையக் கேபிள் ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில் எந்தத் திசையில் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தடத்துக்குள் ஒரு மேன்ஹோல் சிக்கினாலும் அதை வெளியே நகர்த்தியாக வேண்டும். இல்லையென்றால் அடைப்பு எடுக்கும்போதெல்லாம் டிராம் நிற்கும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நிலத்தடிக் குழாய்களை மாற்றுவதில் விழுந்த அடியும் சேர்ந்துதான் டிராம் திட்டத்தைக் குலைத்தது. 77.6 கோடி பவுண்டு செலவழித்து 2014-ல் திறந்தபோது, திட்டமிட்ட நியூஹேவன் வரை தடம் போய்ச் சேரவில்லை.

இந்தத் தடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகிறது. டிராமுக்கு 750 வோல்ட் நேர்மின்னோட்டம் மேல்கம்பியில் வரும்; திரும்பிப் போவது தண்டவாளம் வழியாக. அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்து, பக்கத்து இரும்புக் குழாயில் ஏறி, துணைமின் நிலையத்துக்கு அருகே வெளியேறும். வெளியேறும் இடத்தில் குழாயை அரித்துவிடும். இதற்காகத் தண்டவாளத்துக்கு ரப்பர் உறை போடுவார்கள். பற்றவைத்த இணைப்புகளில் உறை சரியாக ஒட்டாது. அங்கே தண்ணீர் ஒரு வாரம் தேங்கினால் உறை இருந்தும் பயனில்லை. தண்டவாளக் குழிவில் மண் அடைப்பது தனித் தொல்லை; பாயிண்ட் (வண்டி தடம் மாறும் அமைப்பு) இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் வடிகால் பெட்டி வேண்டும், அதைத் துப்புரவு செய்ய ஆளும் வேண்டும். இந்த ஊருக்கு டிராம் புதிதல்ல. 1895-ல் ஓடத் தொடங்கிய டிராம் முதலில் மின்சாரத்தைத் தரைக்கு அடியிலிருந்துதான் எடுத்தது; பிறகு மேல்கம்பிக்கு மாறியது.

வண்டிக் கணக்குக்கு வருவோம். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட மெட்ரோலைட் விவரக்குறிப்பில் ஒரு வண்டிக்கு 300 பேர், சராசரி வேகம் 25 கி.மீ. அந்த வேகத்தில் போய்வர 74 நிமிடம், இரு முனையிலும் ஐந்தைந்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 17 வண்டி, உதிரியாக 2. சிக்னலில் டிராமுக்கு முன்னுரிமை கொடுக்காவிட்டால் வேகம் 18-க்கு இறங்கும். அப்போது 23 வண்டி, உதிரி 3. ஏழு வண்டி கூடுதலாக வாங்கிச் சிக்னலில் நிறுத்திவைப்பதுதான் மிச்சம். 33 மீட்டர் நீளத்தில் 26 வண்டி நிறுத்த, பணிமனையைச் சேர்க்காமலே, 860 மீட்டர் தடம் வேண்டும். டிப்போ எங்கே?

மெட்ரோலைட்டுக்குச் சொல்லப்படும், ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் என்ற உச்சவரம்பை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். அதற்கு 72 விநாடிக்கு ஒரு வண்டி வேண்டும். இரு திசையும் சேர்ந்தால் சந்திப்பில் 36 விநாடிக்கு ஒன்று. குறுக்குச் சாலை திறக்கவே திறக்காது. சாலை மட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று, அதாவது ஒரு திசையில் மணிக்கு 6,000 பேர், என்பதே எங்கள் மதிப்பு. தேவை அதற்கு மேல் என்றால் டிராம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறைவு என்றால் அதே 7 மீட்டரில் இப்போதே மாநகரப் பேருந்துக்குத் தனிவழி விடலாம். பின்னால் தடம் போட வந்தாலும் அந்த இடம் கையில் இருக்கும்.

கேட்பது இவ்வளவுதான்: கூட்டுரோட்டின் இருபுறமும் அரைக் கிலோமீட்டருக்கு முதல் இருபது குழிகள், டிப்போ நிலத்தின் சர்வே எண், சிக்னல் முன்னுரிமைக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் எழுத்துபூர்வ ஒப்புதல். மூன்றையும் பொதுவில் வையுங்கள். குழி தோண்ட மாசி, பங்குனிதான் தோது. ஐப்பசியில் தோண்டினால் குழாய் தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.

இப்படிக்கு,
பாதை, மின்சாரம், சிக்னல் வேலை அறிந்த சிலர்