‘மக்கள் நிம்மதி’ என்று எழுதினீர்களே, எந்த ஊர் மக்கள்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் முதல் பக்கத்திலேயே ஒரு வரி. ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறாமலே கரையைக் கடந்தது, மக்கள் நிம்மதி.’ காலையில் டீக்கடையில் படித்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எந்த ஊர் மக்கள் ஐயா நிம்மதி அடைந்தார்கள்? அன்று மதியம் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற எங்கள் ஊர்ப் பக்கம், கானாற்றில் (காட்டாற்றில்) இடுப்பளவு தண்ணீர் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அக்கரையில் நின்றார்கள்.

நான் கடற்படையில் 15 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஜூன் மாதத்து அரபிக்கடலையும் பார்த்திருக்கிறேன், நவம்பர் மாதத்து வங்கக்கடலையும் பார்த்திருக்கிறேன். அதனால் காற்றின் வேகத்தை வைத்துப் புயலைப் பிரிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்று அடித்தால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் அதற்குப் பெயர். படகில் இருப்பவனுக்கு இது உயிர்க்கணக்கு. ஆனால் இந்தக் கணக்கில் மழை எங்கேயாவது வருகிறதா, பாருங்கள். எங்களுக்குக் காற்றால் போனது கொஞ்சம், தண்ணீரால் போனதுதான் அதிகம்.

2021 நவம்பர் 19 தங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே விடியற்காலையில் கரையேறியது வெறும் தாழ்வு மண்டலம், அதற்குப் பெயர்கூட இல்லை. அன்று காலையில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் போனார்கள். பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 1903-இல் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதைக் கண்ணால் பார்க்க வைத்தது பெயரில்லாத அந்தத் தாழ்வு மண்டலம்தான்.

அதற்கு முந்தைய இரவு 11 மணிக்கு என் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் வீடு கானாற்றங்கரை. தாழ்வு மண்டலத்தின் மையம் நமக்குத் தெற்கே கரையேறுகிறது, ராத்திரி முழுக்கக் கொட்டும், மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டு என்றேன். ‘டிவியில புயல் இல்லன்னு சொல்லிட்டான்டா, பேப்பர்லயும் போட்டிருக்கான், நீ ஏன் பயமுறுத்துற’ என்று படுத்துவிட்டாள். மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. கொட்டகையில் தொடைவரை தண்ணீர். கயிறு நனைந்து முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க வரவில்லை. கப்பலில் எத்தனையோ முடிச்சு அவிழ்த்த கை இது, அன்றைக்கு முடியவில்லை. அரிவாளால் அறுத்தோம். பசு தப்பியது, கன்று தப்பவில்லை. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை (நிலக்கடலை) 6 மூட்டையும் சாக்கிலேயே முளைத்துப் போனது. அக்கா என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை, ‘புயல் இல்லன்னுதானே சொன்னாங்க’ என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெற்கே ஏறினால் நமக்கு ஏன் மழை என்று தங்கள் நிருபர்கள் ஒரு தரமாவது எழுதியிருக்கிறார்களா? நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். மையம் புதுச்சேரிப் பக்கம் ஏறினால் அதற்கு வடக்கே இருக்கிற எங்களுக்குக் கிழக்கிலிருந்து காற்று வரும். அது வங்கக்கடல் மேலேயே ஓடி ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று, ஜவ்வாது மலையில் மோதி மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். மையம் தரையேறி வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக அந்த ஈரம் உடனே நின்றுவிடாது. மையம் மெதுவாக நகர்ந்தால் இன்னும் மோசம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் வலுவிழந்தது என்றுதான் செய்தி. அந்த மறுநாள்தான் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள், அதற்கு அடுத்த காலைக்குள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் நைனா (அப்பா) பள்ளிக்கூடம் போகாதவர். வடகிழக்கில் ஈசான மூலை இருட்டிக்கொண்டு கொண்டல் என்கிற கீழைக்காற்று அடித்தால் போதும், ஏரி நிரம்பி வழியும் கலங்கலைப் பார்க்க மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். அவருக்கு இருந்த கவனம் இத்தனை வானிலைப் படம் போடுகிற நமக்கு இல்லையே.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாழ்வுப் பகுதி வேறு, அதைவிட வலுவான தாழ்வு மண்டலம் வேறு. தங்கள் பத்திரிகையில் தலைப்பில் ஒன்று, செய்தியில் இன்னொன்று. ஒருமுறை காற்று 45 நாட் என்பதை 45 கிலோமீட்டர் என்று போட்டிருந்தீர்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆக அது 83 கிலோமீட்டர். அதை நம்பி ஒருவன் கடலுக்குப் போயிருந்தால்? அப்போதே கார்டு போட்டேன், திருத்தம் வரவில்லை. துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று போடுகிறீர்கள், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று போடுவதில்லை. 11-ஆம் எண் கூண்டு என்றால் புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள், எங்கள் ஊரில் அதைப் பெரிய புயல் என்று நினைக்கிறார்கள். அப்புறம், போன வருஷம் மழைக்கு முன்னால் இங்கே ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்து, மையம் கரையைக் கடந்த பிறகு காற்று எந்தத் திசையில் இருக்கும், தண்டோராவாவது போடுவீர்களா என்று கேட்டேன். ‘வேலூருக்கும் கடலுக்கும் இன்னா சார் சம்பந்தம்’ என்று வைத்துவிட்டார்கள். சென்னைக் கடற்கரை எங்களுக்கு 130 கிலோமீட்டர்தான் ஐயா. காலையில் கரையேறியது சாயங்காலம் எங்கள் தலைமேல் இருக்கும்.

மீனவர்களுக்கான எச்சரிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை, அதை இன்னும் பெரிதாகப் போடுங்கள். நான் கேட்பது சின்ன விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடலில் மையம் உருவான நாட்களில் மட்டும், வேலூர் பதிப்பில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மையம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் என்ன வேகத்தில் நகர்கிறது, கரையேறிய பிறகு எங்கள் பக்கம் எங்கிருந்து காற்று வரும், மேலே கர்நாடகத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி நிரம்பிவிட்டதா, இங்கே மோர்தானா அணையில் எவ்வளவு தண்ணீர். 10 வரி போதும். மையம் எங்களைத் தாண்டிப் போகும்வரை நிம்மதி என்ற வார்த்தையைத் தயவுசெய்து போடாதீர்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கி வெளியிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கட்டம் வந்தால் போதும். அக்கா இன்றைக்கும் தங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறாள். அதில் போட்டிருந்தால் மாட்டை அவளே அவிழ்த்துக் கட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் 22 ஆண்டு வாசகன்,
முன்னாள் கடற்படை வீரர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.