அரசாணிக்காய்க் கூழுக்குத் தராசுதான் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பூசணி கேக் குறிப்பில், "பூசணியை வேகவைத்து அரைத்துக்கொள்ளவும்" என்று கூழ் வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கேக் நடுவில் குழிவதும், உள்ளே களி மாதிரி பிசுபிசுப்பதும் அந்த வரியில்தான் ஆரம்பம்.

முதலில் பெயர். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பூசணிக்காய் என்றால் பலருக்கும் திருஷ்டிக்கு உடைக்கிற வெள்ளைக்காய்தான் நினைவுக்கு வரும். கேக்குக்கு வேண்டியது அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி என்கிற பரங்கிக்காய். வெளிநாட்டுக் காய் வேறு ஜாதி, நம் காயில் அந்த ருசி வராது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கிற பூசணிக் கூழுக்குப் பெரும்பாலும் போவது டிக்கின்சன் என்ற பூசணி ரகம். அதுவும், நம் சந்தைக்கு வருகிற அரசாணியில் பெரும்பகுதியும் குக்கர்பிட்டா மாஸ்கேட்டா என்ற ஒரே இனம். ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்குகிற காய்தான் வேறு இனம். அதில் நாரும் தண்ணீரும் அதிகம், கூழுக்குச் சுமார்தான்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. நம் காயின் சதையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 92 கிராம் தண்ணீர். டப்பாக் கூழில் 90. இரண்டு கிராம்தானே என்று தோன்றும். தண்ணீர் போக மிஞ்சுகிற சக்கையைப் பாருங்கள்: இங்கே 8, அங்கே 10. ஒரு கிலோ சதையில் உள்ள 80 கிராம் சக்கை டப்பாக் கூழின் பதத்துக்கு வரவேண்டுமானால், கூழின் எடை 800 கிராமுக்கு இறங்க வேண்டும். வடிகட்டும்போது சக்கையும் சர்க்கரையும் கொஞ்சம் கூடவே போய்விடுவதால் 750 என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆகவே தோலும் விதையும் நீக்கிய சதையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; முடிவில் கூழ் அதில் முக்கால் பங்கு நின்றால் சரி. வாங்கும்போது ஒன்றரைக் கிலோ எடுத்தால் சதை ஒரு கிலோ தேறும்.

காய் முற்றியிருக்க வேண்டும். பச்சை மாறி மண் நிறத்தில் சாம்பல் பூத்த தோல், விறகாகக் காய்ந்த காம்பு, நகம் இறங்காத ஓடு. பறித்து இரண்டு மூன்று வாரம் இருப்பில் கிடந்த காய் இன்னும் நல்லது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். சந்தையில் பத்தையாக வாங்கினால் நிறத்தைப் பாருங்கள்: விரலி மஞ்சளை ஒடித்தால் உள்ளே தெரிகிற நிறம் இருக்க வேண்டும். வெளிர் மஞ்சள் பத்தை பொரியலுக்கு ஆகும், கேக்குக்கு ஆகாது. ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டியதுதான். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் வேகவைத்தாலும் போகாது, வாந்தி வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும்.

பொரியலுக்கு நாம் சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை, மூடி போட்டாலே காய் விடுகிற நீரில் வெந்துவிடும். கூழுக்கும் அதே புத்திதான். ஓவன் இருந்தால் குடலையும் விதையையும் வழித்துவிட்டுத் தோலோடு பெரிய துண்டுகளாக்கி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் வெட்டுப்பக்கம் கீழாக அடுக்கி, 200 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு இன்னும் 15 நிமிடம். அந்தக் கடைசி கால் மணியில்தான் ஆவி நன்றாகப் பறக்கும். கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. கரண்டியால் வழித்தால் தோல் தனியாக நின்றுவிடும். (சதையின் எடைக்கு, ஓவனில் வைக்குமுன் தோலோடு நிறுத்த எடையிலிருந்து இந்தத் தோலின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.)

ஓவன் இல்லாவிட்டால் இட்லிச் சட்டி போதும், 20 நிமிடம். குக்கர் என்றால் துண்டுகளைப் பாத்திரத்தில் போட்டு மேலே தட்டு மூடி இரண்டு விசில். தட்டு இல்லாவிட்டால் மூடியில் திரளும் நீரெல்லாம் காயில் சொட்டும். ஆவியில் வெந்ததை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி அரைமணி நேரம் வடியவிடுங்கள், பிழிய வேண்டாம். வடிகிற நீர் இனிப்பாக இருக்கும், சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளலாம்.

மிக்சியில் சூடாகப் போட்டால் ஆவி மூடியைத் தூக்கும், ஆறட்டும். பிளேடு சுற்றாமல் திணறும்போதுதான் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகும். ஊற்றாதீர்கள். ஜாரில் பாதி அளவே போட்டு விட்டுவிட்டு ஓட்டுங்கள். நார் தென்பட்டால் மாவுச் சல்லடையில் தேய்த்து எடுங்கள்.

பிறகு நிறுத்துப் பாருங்கள். எடை அதிகமாக நின்றால், அடிகனமான அகல வாணலியில் மிதமான தீயில் கிளறி இறக்க வேண்டும். கூழ் பொட்டுப் பொட்டென்று தெறித்துக் கையைச் சுடும், நீளக் கரண்டி வேண்டும். தராசு இல்லாத வீட்டில் ஒரு சோதனை: எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். சுற்றிலும் நீர் வளையம் கசிந்தால் இன்னும் கிளற வேண்டும். குவியல் வைத்தபடியே நின்றால் போதும். முழுக்க ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சூடு இருந்தால் வெண்ணெய் உருகி, பேக்கிங் பவுடரும் முன்கூட்டியே பொங்கி அடங்கிவிடும்.

ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் 200 கிராம் பொட்டலங்களாக மூன்று மாதம். உருகும்போது பிரியும் நீரை வடித்துவிடுங்கள். ஊறுகாய் மாதிரி பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கவே கூடாது. இதில் புளிப்பு குறைவு. காற்றில்லாத இடத்தில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் நஞ்சு உண்டாகலாம். அமெரிக்க வேளாண் துறையே வீட்டில் இந்தக் கூழை டப்பாவில் அடைக்கப் பரிந்துரைப்பதில்லை. கெட்டியான கூழின் நடுவரை சூடு சீராகப் போய்ச் சேராது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் "ஒரு டப்பா" என்று வந்தால் அது 425 கிராம், "ஒரு கப்" என்றால் சுமார் 245 கிராம். நம் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒரு அளவு. அடுத்த குறிப்பிலாவது கிராம் கணக்கு போட்டு, பூசணி என்ற இடத்தில் அரசாணிக்காய் என்றும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை.